பையில் மிச்சம் எவ்வளவு? மைசெல் மருந்து வெளியீட்டுச் சோதனையில் துண்டு விழுந்த ஒரு கணக்கு

## பின்னணி

தண்ணீரில் கரையாத மருந்தைப் பாலிமர் மைசெல் என்னும் நுண்துகளில் ஏற்றி அனுப்பும் ஆய்வு ஒன்றில், ஏறக்குறைய ஓராண்டு உழைப்பின் முக்கிய முடிவு தவறு என்று தெரியவந்தது. அது எப்படி நேர்ந்தது, எப்படிப் பிடிபட்டது, பிறகு என்ன செய்தோம் என்பதன் பதிவு இது. நேரடியாகச் சம்பந்தப்பட்டவர்கள் மூவர்: முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டில் இருந்த மாணவி, அவருடைய வழிகாட்டி, பகுப்பாய்வுக் கருவிகளைக் கவனித்துக்கொண்ட நான். தவறில் மூவருக்கும் பங்குண்டு.

மருந்தைக் கரைப்பது எவ்வளவு பெரிய பாடு என்பதற்குப் பக்லிடாக்சல் நல்ல எடுத்துக்காட்டு. 1 மி.லி. தண்ணீரில் 1 மைக்ரோகிராம்கூடக் கரையாத இந்தப் புற்றுநோய் மருந்து 1992-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்யப்படும் க்ரெமோஃபோர் இஎல்லும் எத்தனாலும் சரிபாதி கலந்த கரைப்பானில்தான் அதை அப்போது கரைத்தார்கள். அந்தக் கரைப்பானே சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையைக் கிளப்பியது. ஸ்டீராய்டும் ஒவ்வாமைத் தடுப்பு மருந்தும் முன்கூட்டியே கொடுத்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டியிருந்தது. போதாததற்கு, பிவிசி குழாய்களில் பிளாஸ்டிக்கை இளக்குவதற்காகச் சேர்த்திருக்கும் வேதிப்பொருளையும் அது கரைத்து இழுத்துவந்தது. மருந்தைவிட மருந்தைக் கரைத்த பொருளுக்காக நோயாளி அதிகம் கஷ்டப்பட்ட சந்தர்ப்பங்கள் உண்டு. இந்தத் துறையில் வேலை செய்பவர்களுக்கு அது எப்போதும் உறுத்திக்கொண்டே இருக்கும்.

பாலிமர் மைசெல் இதற்கு ஒரு மாற்று வழி. ஒரு பாதி தண்ணீரை விரும்பும், மறு பாதி தண்ணீரை வெறுக்கும் சங்கிலிகளைத் தண்ணீரில் விட்டால், வெறுக்கும் பாதிகள் உள்ளே ஒதுங்கி ஒரு கருவாகின்றன. விரும்பும் பாதிகள் வெளியே மேலுறையாக நிற்கின்றன. கரையாத மருந்து அந்தக் கருவுக்குள் தஞ்சம் புகுகிறது. இப்படி உருவாகும் துகளின் அளவு பெரும்பாலும் 10 முதல் 100 நானோமீட்டர். சிறுநீரகம் வடித்துவிட முடியாத அளவுக்குப் பெரியது, 0.22 மைக்ரான் வடிகட்டியில் கிருமி நீக்கம் செய்யும் அளவுக்குச் சிறியது. சங்கிலிகள் ஒன்றுகூட ஆரம்பிக்கும் செறிவை மாறுநிலை மைசெல் செறிவு என்கிறோம். சோப்பு வகையைச் சேர்ந்த சோடியம் டோடெசில் சல்ஃபேட்டுக்கு அது லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல்; இந்த வகைப் பாலிமர்களுக்கோ லிட்டருக்குச் சில மில்லிகிராம்கள்தான். இரத்தத்தில் கலந்து நீர்த்துப்போனாலும் பாலிமர் மைசெல் சட்டென்று குலையாது என்று எல்லோரும் நம்புவது இதனால்தான். அந்த நம்பிக்கை எங்கே வழுக்குகிறது என்பதை நாங்கள் பின்னால் தெரிந்துகொண்டோம்.

மாணவி எடுத்துக்கொண்ட பாலிமர், 5,000 டால்டன் (டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு) பாலிஎத்திலீன் கிளைகாலும் 5,000 டால்டன் பாலிகாப்ரோலாக்டோனும் ஒட்டிய சங்கிலி. மருந்தின் இடத்தில், மஞ்சள் கிழங்கின் நிறப்பொருளான குர்குமின். 2017-இல் மருந்து வேதியியலாளர்கள் எழுதிய நீண்ட விமர்சனக் கட்டுரைக்குப் பிறகு குர்குமினை மருந்தாக நம்பித் தொடங்கும் ஆய்வுகள் நிறையக் கேள்விகளைச் சந்திக்கின்றன. எங்களுக்கு அது ஒரு மாதிரிப் பொருள் மட்டுமே. தண்ணீரில் கிட்டத்தட்டக் கரையவே கரையாது, விலை குறைவு, மஞ்சள் நிறம் கண்ணுக்கே தெரியும், 425 நானோமீட்டரில் ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒளி உறிஞ்சலை அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் ஒன்று இருந்தால் வேலை நடந்துவிடும்.

## தயாரிப்பு

தயாரிப்பில் எந்தக் குறையும் இல்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 90 மி.கி. பாலிமரும் 10 மி.கி. குர்குமினும் அசிட்டோனில் கரைக்கப்பட்டன. காந்தக் கலக்கியில் சுழன்றுகொண்டிருந்த 10 மி.லி. தண்ணீரில் அந்தக் கரைசல் சொட்டுச் சொட்டாக விடப்பட்டது. அசிட்டோன் ஆவியாகப் போனபின் வடிகட்டினோம். வடிகட்டியில் தங்கிய மஞ்சள் மிகக் குறைவு. போட்ட மருந்தில் 94 சதவீதம் மைசெல்லுக்குள் ஏறியிருந்தது. ஒளிச்சிதறல் முறையில் துகளின் அளவு 40 நானோமீட்டரையொட்டி, ஒரே சீராக இருந்தது. பைரீன் சாயம் கொண்டு அளந்த மாறுநிலை மைசெல் செறிவு லிட்டருக்குச் சுமார் 2 மி.கி.

1 மி.லி. தண்ணீரில் 1 மைக்ரோகிராம்கூடக் கரையாத ஒரு பொருள், 1 மி.லி.க்கு கிட்டத்தட்ட 1 மி.கி. என்ற அளவில் தெளிந்த மஞ்சள் நீராகக் குப்பியில் நின்றது. அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்த நாளில் எங்கள் மூவருக்கும் உண்மையான மகிழ்ச்சி. அந்தப் பகுதி இன்றும் செல்லுபடியாகிறது.

## முதல் வெளியீட்டுச் சோதனை

மைசெல்லிலிருந்து மருந்து எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று பார்க்கும் வெளியீட்டுச் சோதனை வழக்கமான முறையில் அமைந்தது. மாணவி 2 மி.லி. மைசெல் கரைசலை, 3,500 டால்டன் வரையுள்ள சிறு மூலக்கூறுகளை மட்டும் கடக்கவிடும் டயாலிசிஸ் பையில் ஊற்றி இருமுனையும் கட்டி, 100 மி.லி. ஊடகத்தில் மிதக்கவிட்டார். ஊடகம் பிஎச் 7.4 பாஸ்பேட் தாங்கல் கரைசல் (பிஎச்சை மாறாமல் வைத்திருக்கும் கரைசல்), அதில் சோப்பைப் போல மைசெல்களாகும் ட்வீன் 80 0.5 சதவீதம், வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸ். ட்வீன் இல்லாவிட்டால் வெளியே வரும் குர்குமின் கரைய இடமில்லாமல் படிந்துவிடும். மருந்து முழுவதும் வெளிவந்தாலும் அதன் செறிவு ஊடகத்தின் கரைதிறனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாது என்பதை முன்பே அளந்து உறுதி செய்திருந்தார். குறித்த நேரங்களில் 1 மி.லி. எடுத்து 425 நானோமீட்டரில் அளப்பது, எடுத்த அளவுக்குப் புது ஊடகம் ஊற்றுவது. இவ்வளவுதான் நடைமுறை.

வெளியே வந்ததாகக் கணக்கிடப்பட்ட அளவு 2 மணி நேரத்தில் 6 சதவீதம், 8 மணியில் 20, 24 மணியில் 42, 48 மணியில் 50, 72 மணியில் 45. மூன்று தடவை செய்தும் இதே போக்கு.

வரைபடத்தில் போட்டபோது அது பாடப்புத்தகத்தில் வரும் வளைவைப் போல இருந்தது. தொடக்கத்தில் மருந்து குபுகுபுவென்று கொட்டவில்லை; மெல்ல ஏறி, பாதியில் சமதளமாகிறது. மருந்து வெளியீட்டை விவரிக்கும் ஹிகுச்சி சமன்பாட்டிலும் கோர்ஸ்மேயர்–பெப்பாஸ் சமன்பாட்டிலும் முதல் 24 மணி நேரப் புள்ளிகள் கச்சிதமாக உட்கார்ந்தன. “மூன்று நாளுக்கு நீடித்த வெளியீடு, பாதி மருந்து கருவிலேயே பத்திரமாக இருக்கிறது” என்று வழிகாட்டி கட்டுரையின் வரைவில் எழுதினார். எண்களைச் சரிபார்த்துக் கொடுத்தது நான்.

அந்த 72 மணிப் புள்ளியை இப்போது பார்த்தால் எனக்கு உறுத்துகிறது. மொத்த வெளியீடு என்பது கூட்டிக்கொண்டே போகும் கணக்கு. அது 50-இல் நிற்கலாம், 45-க்கு இறங்க முடியாது. வெளியே வந்த மருந்து திரும்பப் பைக்குள் போனாலொழிய அப்படி ஒரு எண் வரவே கூடாது. மூன்று தடவையும் இறங்கியது. மூன்று தடவையும் “அளவீட்டுப் பிழை” என்று பழியைப் பிப்பெட்டின் மேல் போட்டோம். வரைவில் வளைவு 48 மணியோடு முடிந்தது. 72 மணிப் புள்ளி சத்தமில்லாமல் விடுபட்டது. யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனால் பிடிக்காத எண்ணை வெளியே தள்ளினோம் என்பது உண்மை.

## வெளுத்த பை

திருப்பம் எந்தக் கருவியிலிருந்தும் வரவில்லை. நான்காவது தடவை சோதனை முடிந்து பைகளைக் கழுவப் போன மாணவி, ஒரு பையை இடுக்கியில் பிடித்தபடி என் மேசைக்கு வந்தார். “அக்கா, இதைப் பாருங்க. பாதிக்கு மேல உள்ளேயே இருக்குன்னு சொல்றோம். பை வெளுத்துப் போயிருக்கே.”

72 மணி நேரத்துக்கு முன் அதே பை அடர்மஞ்சளாக, பின்னால் பிடித்த எழுத்துகூடத் தெரியாதபடி இருந்தது. இப்போது உள்ளே இருந்த திரவம் வைக்கோல் நிறத்தில் ஒளி ஊடுருவும்படி இருந்தது. சவ்வின் உட்புறத்தில் மட்டும் மெல்லிய மஞ்சள் கறை. பக்கத்தில் புது மைசெல் கரைசல் இருந்த குப்பியை வைத்துப் பார்த்தோம். பாதியல்ல, பத்தில் ஒரு பங்கு மஞ்சள் இருந்தாலே அதிகம் என்று தோன்றியது.

அன்று மாலையே பையை அறுத்து உள்ளடக்கத்தை அசிட்டோநைட்ரைலில் கரைத்து அளந்தோம். சவ்வையும் துண்டு துண்டாக நறுக்கி, ஊறவைத்து, கரைந்துவந்ததை அளந்தோம். ஊடகத்தில் 45 சதவீதம், பைக்குள் 9, சவ்வில் ஒட்டியது 3. கூட்டினால் 57. போட்ட நூறில் 43 எங்கே போயிற்று?

இந்தக் கூட்டலை முதல் நாளே போட்டிருக்கலாம். ஐந்து நிமிட வேலை. ஊடகத்தில் இருப்பதை மட்டும் அளந்துவிட்டு, “மீதி உள்ளே இருக்கிறது” என்று நாங்களே எழுதிக்கொண்டோம். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

## காணாமல் போனது எங்கே

கொஞ்சம் யோசித்தால் பதில் தெரிந்ததுதான். குர்குமின் அமிலக் கரைசலில் நிலைத்திருக்கும். நடுநிலையையும் காரத்தையும் தாங்காது. சீரம் (உறைந்த இரத்தத்திலிருந்து பிரியும் தெளிந்த திரவம்) இல்லாத பாஸ்பேட் தாங்கல் கரைசலில், பிஎச் 7.2-இல், 37 டிகிரியில், அரை மணி நேரத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் சிதைந்துவிடும் என்பது 1997-லேயே வெளியான செய்தி. ஆக்சிஜனோடு வினைபுரிந்து உருவாகும் சிதைவுப் பொருள்களுக்கு அந்த மஞ்சள் நிறம் இல்லை. 425-இல் அவை கணக்கில் வருவதே இல்லை. எங்கள் மாணவிக்கும் இது தெரியும். முன்னுரை அத்தியாயத்தில் அவரே எழுதியிருந்தார். ட்வீன் மைசெல்லுக்குள் குர்குமின் கரைந்திருந்தால் சிதைவு நின்றுவிடும் என்று மூவருமே எண்ணியிருந்தோம். நின்றுவிடவில்லை, வேகம்தான் குறைந்தது.

சோதித்துப் பார்த்தோம். பை இல்லை, மைசெல் இல்லை. அதே ஊடகத்தில் குர்குமினை மட்டும் கரைத்து 37 டிகிரியில் வைத்தோம். 24 மணி நேரத்தில் 30 சதவீதம் காணவில்லை. 72 மணி நேரத்தில் மிச்சம் மூன்றில் ஒரு பங்கு.

இதைக் கையில் வைத்துக்கொண்டு பழைய வளைவைப் பார்த்தால் எல்லாம் விளங்கியது. ஒருபுறம் பையிலிருந்து மருந்து வந்துகொண்டிருக்கிறது, மறுபுறம் வந்த மருந்து அழிந்துகொண்டிருக்கிறது. ஓட்டை வாளியில் குழாயைத் திறந்துவிட்ட கதை. வரவும் போக்கும் சமமாகும் இடத்தில் நீர்மட்டம் நிற்கும். குழாய் ஓய்ந்துவரும்போது மட்டம் இறங்கும். நாங்கள் “சமதளம்” என்று கொண்டாடியது வாளியின் நீர்மட்டத்தை. மைசெல் மருந்தைப் பிடித்து வைத்திருந்ததற்கு அதில் எந்தச் சான்றும் இல்லை.

கலவையை நிரலில் ஓடவிட்டு ஒவ்வொரு பொருளையும் தனித்தனி முகடாகப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி கருவியில் இன்னொரு சான்று கிடைத்தது. கடையில் வாங்கும் குர்குமின் தனிப் பொருளல்ல. சுமார் 77 சதவீதம் குர்குமின், 17 சதவீதம் டிமெதாக்ஸி குர்குமின், 3 சதவீதம் பிஸ்டிமெதாக்ஸி குர்குமின் என்று மூன்றும் கலந்தே வரும். காரச் சிதைவை மூன்றாவது மற்ற இரண்டையும்விட நன்றாகத் தாங்கும். 425-இல் மூன்றும் ஒன்றாகவே தெரிவதால் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் இதைக் காட்டிக்கொடுக்காது. பழைய மாதிரிகளை நிரலில் ஓடவிட்டபோது, நேரம் ஆக ஆக முதல் முகடு தேய்ந்து, மூன்றாவதின் பங்கு ஏறிக்கொண்டே வந்தது. மெல்ல வெளிவருவது மட்டும் நடந்திருந்தால் இந்த விகிதம் இப்படி மாறக் காரணமில்லை. எதுவோ தேர்ந்தெடுத்து அழிகிறது என்பதற்கு இதைவிட வெளிப்படையான அடையாளம் தேவைப்படவில்லை.

## எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, கட்டுரையை நிறுத்துவது. வரைவு அனுப்பத் தயாராக இருந்தது. வழிகாட்டி ஒரு நாள் யோசித்தார். மறுநாள் காலை தானே வந்து, அனுப்பவேண்டாம் என்றார். மாணவியின் ஆய்வேடு தள்ளிப்போகும் என்பதும் அவருடைய உதவித்தொகைக் காலம் முடிய அதிக நாள் இல்லை என்பதும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். இது லேசான முடிவல்ல.

இரண்டாவது, மருந்தை மாற்றுவதா வேண்டாமா. பிஎச் 7.4-இல் இன்னும் நிலையாக இருக்கும் வேறொரு மருந்துக்குப் போய்விடலாம் என்பது வழிகாட்டியின் யோசனை. மாணவி மறுத்தார். மருந்தை மாற்றினால் பழைய வளைவில் மருந்தால் வந்த தவறு எவ்வளவு, பையால் வந்த தவறு எவ்வளவு என்று என்றைக்கும் தெரியாது என்றார். அவர் சொன்னது சரியென்று அப்போதே தோன்றியது. இந்த நிகழ்வில் எடுத்த முடிவுகளிலேயே அதுதான் சிறந்தது என்று இப்போதும் நினைக்கிறேன்.

மூன்றாவது, சோதனையைத் திருத்தும் முறை. ஊடகத்தை அமிலமாக்கினால் சிதைவு நின்றுவிடும். ஆனால் இரத்தத்தின் பிஎச்சிலிருந்து விலகிப் போய்விடுவோம் என்பதால் அதை விட்டோம். ஊடகத்தில் அஸ்கார்பிக் அமிலம் சேர்த்து, அமிலத்தன்மை ஏறாதபடி பிஎச்சை மறுபடி 7.4-க்குக் கொண்டுவந்து, ஆக்சிஜனேற்றத்தை மட்டுப்படுத்தினோம். ஒவ்வொரு முறையும் 1 மி.லி. மட்டும் எடுக்காமல் ஊடகம் முழுவதையும் மாற்றினோம். எடுத்த மாதிரி உடனடியாக அமிலம் கலந்த குளிர்ந்த கரைப்பானில் விழுந்தது. அளவீடு எச்பிஎல்சிக்கு மாறியது.

முக்கியமான மாற்றம் வேறு. ஒரே பையை 72 மணி நேரம் வைத்திருப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு நேரப்புள்ளிக்கும் தனித்தனியாக மூன்று பைகள் போட்டோம். நேரம் வந்ததும் அந்தப் பைகளை எடுத்து அறுத்து, உள்ளடக்கம், சவ்வு, ஊடகம் மூன்றையும் அளந்து கூட்டுவது. கூட்டுத்தொகை 90-க்குக் கீழே போனால் அந்தப் புள்ளியே செல்லாது என்று முன்கூட்டியே எழுதிவைத்துக் கையெழுத்திட்டோம். வேலை பல மடங்கானது. அடுத்த இரண்டு மாதங்கள் நேரம் காலம் பார்க்காமல் பை அறுத்தவர் மாணவிதான்.

நான்காவது, இத்தனை நாள் செய்யாமல் விட்ட ஒப்பீட்டுச் சோதனை: மைசெல்லே இல்லாமல், ட்வீன் கரைசலில் கரைத்த குர்குமினைப் பையில் ஊற்றி அதே முறையில் அளப்பது.

## மறுசோதனை காட்டியது

கூட்டுத்தொகை எல்லாப் புள்ளிகளிலும் 93-க்கும் 97-க்கும் இடையில் வந்தது. கணக்கு உதைப்பது நின்றது.

மைசெல் இருந்த பையிலிருந்து 24 மணி நேரத்தில் 52 சதவீதம் வெளியேறியிருந்தது, 72 மணி நேரத்தில் 88. “பாதி மருந்து கருவிலேயே பத்திரம்” என்ற வரி அன்றோடு போயிற்று. அதைவிடக் கசப்பானது ஒப்பீட்டுச் சோதனை. மைசெல் இல்லாத பையிலிருந்து 24 மணியில் 58, 72 மணியில் 92. இரண்டு வளைவுகளும் ஏறக்குறைய ஒன்றின் மேல் ஒன்று படுத்திருந்தன.

அப்படியென்றால் வெளியீட்டின் வேகத்தை நிர்ணயித்தது மைசெல் அல்ல, பையின் சவ்வு. கரைந்த நிலையில் உள்ள தனி மூலக்கூறு மட்டுமே அந்தத் துளைகளில் நுழைய முடியும். பைக்குள் அப்படித் தனித்திருக்கும் குர்குமின் எந்த நேரத்திலும் மிகச் சொற்பம். அது மைசெல் கருவிலிருந்து வருகிறதா ட்வீனிலிருந்து வருகிறதா என்பது சவ்வுக்கு ஒரு பொருட்டல்ல. போதாக்குறைக்கு, ட்வீன் 80-இன் தனிச் சங்கிலிகள் 1,300 டால்டன் அளவுதான்; அவை சவ்வைக் கடந்து உள்ளே வந்து நம் மைசெல்லோடும் கலந்துவிடும். கரைய இடம் தருவதற்காகச் சேர்த்த பொருளே நாம் சோதிக்கும் துகளை மாற்றிக்கொண்டிருந்தது.

எல்லாமே இழப்பு என்று சொல்லமாட்டேன். பிஎச் 7.4-இல் மூடிய குப்பியில் வைத்த மைசெல் கரைசலில் 24 மணி நேரத்துக்குப் பின்னும் குர்குமினில் பத்தில் ஒன்பது பங்கு அப்படியே இருந்தது. மைசெல் இல்லாமல் அதே பிஎச் தாங்கல் கரைசலில் தனியாக விட்ட குர்குமின் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. மருந்தைக் கரைக்கிறது, உள்ளே இருக்கும்வரை சிதையாமல் காக்கிறது: இந்த மைசெல் உண்மையாகச் செய்யும் இரண்டு வேலைகள் இவை.

## சீரத்தில் வைத்துப் பார்த்தது

பை சோதனையின் மேல் நம்பிக்கை போனபின், இரத்தத்துக்கு நெருக்கமான ஒன்றில் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

வரைவில் ஒரு வாதம் இருந்தது. 100 மி.கி. மருந்தை ஏற்றினால் கூடவே 900 மி.கி. பாலிமர் போகும், 5 லிட்டர் இரத்தத்தில் அது லிட்டருக்கு 180 மி.கி. மாறுநிலைச் செறிவைவிட 90 மடங்கு அதிகம் என்பதால் மைசெல் குலையாது; ஆகவே மருந்து உள்ளேயே இருக்கும். முதல் பாதி சரி. “ஆகவே” என்ற சொல்லில்தான் வழுக்கல். மைசெல் முழுசாக இருக்கலாம், மருந்து அதைவிட்டுக் கிளம்பியும் இருக்கலாம். மருந்துக்கும் கருவுக்கும் இடையில் எந்தப் பூட்டும் இல்லை. எங்கே வசதி அதிகமோ அங்கே அது நகரும். இரத்தத்தின் திரவப் பகுதியில் லிட்டருக்கு 35 முதல் 50 கிராம் அல்புமின் என்ற புரதம் இருக்கிறது. எங்கள் பாலிமரைப்போல் ஏறக்குறைய இருநூறு மடங்கு எடை. அதோடு கொழுப்புப்புரதங்களும் இருக்கின்றன. இத்தனை கைகள் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் குர்குமின் எங்கே போகும் என்பதை முதலிலேயே கேட்டிருக்கவேண்டும்.

முதலில் ஒளிர்சாயச் சோதனை. ஒரே கருவுக்குள் சில நானோமீட்டர் இடைவெளியில் இரண்டு சாயங்கள் இருந்தால், ஒன்றைத் தூண்டும்போது அது ஆற்றலை மற்றதற்குக் கைமாற்றும். பிரிந்துபோனால் கைமாற்றம் நிற்கும். பாலிமர் மைசெல்களின் கருவில் வைத்த சாயம் இரத்தத்தில் நிமிடக் கணக்கில் வெளியேறிவிடுவதை 2008-இல் இதே உத்தியால் காட்டியிருக்கிறார்கள். எங்களுடையதும் விலக்கல்ல. தாங்கல் கரைசலில் ஒரு நாள் முழுவதும் கைமாற்றம் குறையவில்லை. சீரத்தில் முதல் அரை மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் குறைந்தது.

சாயம் வேறு, மருந்து வேறு என்ற ஆட்சேபம் நியாயமானது. அதனால் குர்குமினையே நேரடியாகப் பார்க்க ஒரு ஜெல் நிரல் கட்டினோம். பெரிய துகள் முன்னால் இறங்கும், சிறியது பின்னால் வரும். மைசெல்லைத் தண்ணீரில் கலந்து ஊற்றியபோது, ஒரே மஞ்சள் பட்டை நிரலின் உச்சியிலிருந்து நேராக முன்னோடி இறங்கி முதல் குழாய்களில் சேர்ந்தது. சீரத்தில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு ஊற்றியபோது அந்த முன்பட்டையில் மங்கல் நிறம் மட்டும் இருந்தது. மஞ்சள் பின்தங்கி, அல்புமின் வரும் குழாய்களில் போய்ச் சேர்ந்தது. மாணவி அந்தக் குழாய்களை வரிசையாக அடுக்கி வெள்ளைத் தாளின் முன் படம் எடுத்தார். அந்த ஒரு படம் எங்கள் அத்தனை வரைபடங்களையும்விடத் தெளிவாகப் பேசியது.

## பிறகு நடந்தது

ஆய்வேட்டில் “நீடித்த வெளியீடு” என்ற அத்தியாயம் “கரைதிறனும் வேதிப் பாதுகாப்பும்” என்று மாறியது. பழைய வளைவை அழிக்கவில்லை. திருத்திய வளைவு, கூட்டல் அட்டவணை, சீரக் குழாய்களின் படம் ஆகியவற்றோடு அதையும் பக்கத்தில் வைத்தார். தேர்வாளர்களின் கேள்விகளில் பெரும்பாலானவை அந்தப் பக்கத்தைப் பற்றியே இருந்தன. ஆய்வேடு ஏழு மாதம் தள்ளிப்போனது. கடைசி நான்கு மாதங்கள் உதவித்தொகை இல்லாமல் வேலை செய்தார். அந்தச் சுமை மூவர் மேலும் சமமாக விழவில்லை என்பதைச் சொல்லாமல் இந்தப் பதிவு நேர்மையாகாது.

எங்களுக்கு ஆறுதலாக இருந்தது, கரைப்பது மட்டுமே மைசெல்லின் வேலை என்றாலும் அது சிறிய வேலையல்ல என்பது. பக்லிடாக்சலைப் பாலிஎத்திலீன் கிளைகால்–பாலிலாக்டிக் அமில மைசெல்லில் ஏற்றிய ஜெனெக்சால்-பிஎம் தென் கொரியாவில் 2007-இல் சந்தைக்கு வந்தது. க்ரெமோஃபோரை ஒழித்ததே அதன் பெரிய ஆதாயம். மறுபுறம், கருவோடு மருந்தை நெருக்கிப் பிடிக்க பென்சீன் போன்ற அரோமாட்டிக் வளையங்களைச் சேர்த்து ஜப்பானில் உருவாக்கிய என்கே105, மார்பகப் புற்றுநோயில் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில் சாதாரண பக்லிடாக்சலுக்குக் குறையாதது என்ற இலக்கை எட்டவில்லை. நரம்புப் பாதிப்பு மட்டும் குறைவாக இருந்தது. கரைப்பது, பிடித்து வைப்பது, உரிய இடத்தில் விடுவது ஆகிய மூன்றும் தனித்தனி வேலைகள். ஒன்றைச் செய்துகாட்டிவிட்டு மற்ற இரண்டையும் சேர்த்து எழுதும் பழக்கம் எங்களிடம் இருந்தது.

## மறுபடி செய்தால்

வெளியீட்டுச் சோதனை எதுவானாலும், மருந்து மட்டும் ஊடகத்தில் எத்தனை நாள் தாங்கும் என்பதை முதல் வாரத்திலேயே அளப்போம். மைசெல் இல்லாத பை ஒவ்வொரு தொகுதியிலும் கூடவே ஓடும். கடைசி நேரப்புள்ளியில் பையை அறுத்து அளந்து கூட்டாமல் எந்த வளைவும் கூட்டத்தில் காட்டப்படாது. இந்த ஒன்று இப்போதே நடைமுறையில் இருக்கிறது. விலக்கும் புள்ளி இருந்தால் அது விலக்கப்பட்டதாகவே வரைபடத்தில் நிற்கும், காரணத்தோடு. சமன்பாட்டில் பொருத்திப் பார்ப்பதைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறோம். தவறான எண்களும் சமன்பாட்டில் அழகாகவே உட்காருகின்றன, அந்த அழகு எங்களை மேற்கொண்டு கேள்வி கேட்கவிடாமல் செய்தது. சீரச் சோதனையை முடிவில் வைக்காமல் தொடக்கத்திலேயே வைப்போம். ஜெல் நிரல் கட்ட ஒரு நாள் போதும்.

அடுத்து வந்த மாணவர், பாலிகாப்ரோலாக்டோன் பாதியில் பென்சைல் வளையங்களைத் தொங்கவிட்ட பாலிமரோடு வேலையைத் தொடர்கிறார். குர்குமினின் வளையங்களும் அவையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காக அமர்ந்து பிடித்துக்கொள்ளும் என்பது எதிர்பார்ப்பு. அவர் பை சோதனையே இன்னும் போடவில்லை. முதலில் சீரத்தில் ஒரு மணி நேரம் வைத்து நிரலில் ஊற்றினார். மஞ்சள் இரண்டு பட்டைகளாகப் பிரிந்து இறங்கியது. முன்பட்டையில் மொத்த மருந்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. அது மைசெல்லில் இருப்பதா, ஏறக்குறைய அதே இடத்தில் இறங்கும் பெரிய கொழுப்புப்புரதத்துக்கு மாறிவிட்டதா என்று பிரித்தறியும் அளவீடு இப்போது நடந்துகொண்டிருக்கிறது.